முப்பரிமாண உலகில் சேரிக்கு வழி எங்கே?

"அங்க சாதி இருக்காதுல்ல தோழர்?"

துறையூரிலும் திருச்சியிலும் மாணவர்களோடு உட்காரும்போது இந்தக் கேள்வி எப்படியாவது வந்துவிடுகிறது. "அங்க" என்று அவர்கள் சொல்வது மெட்டாவெர்ஸை. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டதிலிருந்து இந்தச் சொல் காற்றில் இருக்கிறது. இந்த உடம்பை இங்கேயே கழற்றி வைத்துவிட்டு, வேறொரு உடம்போடு வேறொரு உலகத்துக்குள் போய்விடலாம். அந்த உடம்புக்கு ஊரும் இல்லை, சேரியும் இல்லை. நியாயமான ஆசைதான். இதைக் கிண்டல் செய்ய எங்களுக்கு மனம் வருவதில்லை. 2000-ல் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மணிக்கு 30 ரூபாய் கொடுத்து, ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து இதே ஆசையோடு ஒரு பிரவுசிங் சென்டரில் கிடந்தவர்கள் நாங்கள்.

நாங்கள் மூன்று பேர். இருவர் கொள்ளிடக் கரையோரச் சேரியில் பிறந்தவர்கள். திருவரங்கத்து ராஜகோபுரம் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே தெரியும். மூன்றாமவர் பச்சைமலைக்காரர், வண்ணாடு பக்கத்துக் குக்கிராமம். மலையாளிப் பழங்குடி. (கேரளமா என்று கேட்காத ஆள் இல்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் அது.) மூவருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே அறை. கணினிப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் 'காஸ்மோ பிளேயர்' என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதை நிறுவினால் நெட்ஸ்கேப் உலாவிக்குள்ளேயே முப்பரிமாண உலகங்கள் திறந்தன. அம்புக்குறியை அழுத்தினால் நடக்கலாம், திரும்பலாம், கதவைச் சொடுக்கினால் வேறு நாட்டுக் கணினியில் இருக்கும் வேறொரு உலகத்துக்குள் போகலாம். பார்த்த முதல் நாள் இரவு நாங்கள் தூங்கவில்லை.

அந்த உலகங்கள் எழுதப்பட்ட மொழிக்கு விஆர்எம்எல் என்று பெயர். அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1994 மே மாதம் ஜெனீவாவில் முதல் உலகளாவிய வலை மாநாடு நடந்தது. வலையில் எழுத்தும் படமும் இருப்பதைப்போல இடங்களும் இருக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. டேவ் ராகெட் அதற்குப் பெயர் வைத்தார். மார்க் பெஸ்கியும் டோனி பாரிசியும் 'லேபிரிந்த்' என்ற முதல் மாதிரி உலாவியை ஏற்கெனவே செய்துவைத்திருந்தார்கள். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன்னிடமிருந்த 'ஓப்பன் இன்வென்டர்' கோப்பு வடிவத்தைக் கொடுக்க, 1995-ல் முதல் பதிப்பு வந்தது. 1997-ல் அதன் அடுத்த வடிவம் சர்வதேசத் தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது.

எங்களைக் கட்டிப்போட்டது இந்த வரலாறு இல்லை. அந்த உலகம் வெறும் எழுத்துக் கோப்பு என்பதுதான். நோட்பேடில் திறந்து படிக்கலாம். முதல் வரியில் இது விஆர்எம்எல், பதிப்பு இன்னது, யூடிஎஃப்-8 என்று இருக்கும். அதன் கீழே ஒரு பெட்டி, அதன் நீளம், உயரம், அகலம், எந்த நிறம், எந்த இடம். இன்னொருவன் கட்டிய அரண்மனையைத் திறந்து அவன் தூணை எப்படி நிறுத்தினான் என்று பார்த்து, அந்த வரிகளை எடுத்து நம் குடிசைக்குக் கால் ஊன்றலாம். கல்வியைப் பூட்டிவைத்த நாட்டில் பிறந்தவர்களுக்கு, திறந்து படிக்க முடிகிற ஒரு பொருள் என்ன உணர்வைத் தரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படிக்கப் படிக்கத்தான் ஒன்று புரிந்தது. அந்த உலகத்துக்குள் நடப்பவனுக்கு ஓர் உடம்பு உண்டு. திரையில் தெரியாது, ஆனால் கோப்பில் மூன்று எண்களாக இருக்கும். எதுவும் மாற்றாவிட்டால் அவை 0.25, 1.6, 0.75. எல்லாம் மீட்டர் கணக்கு. முதல் எண், எவ்வளவு நெருங்கினால் ஒரு பொருளில் முட்டுவாய் என்பது. இரண்டாவது, உன் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. மூன்றாவது, எவ்வளவு உயரம் வரை உன்னால் ஏறித் தாண்ட முடியும் என்பது. அதற்கு மேல் உயரமான எதுவும் உனக்குச் சுவர். அந்தச் சுவர் உன்னைத் தடுக்க வேண்டுமா, அல்லது நீ அதை ஊடுருவிப் போகலாமா என்பதையும் கோப்பை எழுதியவரே ஒரு வார்த்தையில் முடிவு செய்யலாம். ஆம் என்றால் முட்டும், இல்லை என்றால் முட்டாது. எழுதியவர் எதுவுமே சொல்லாவிட்டால்? முட்டும்.

சொல்லாவிட்டால் முட்டும் என்ற விதியை ஹாஸ்டலில் வைத்து நிறைய நாள் பேசியிருக்கிறோம். உத்தப்புரத்தில் 1989-ல் எழுந்த சுவர் 2008 மே 6 வரை நின்றது. அன்றைக்கும் அதில் ஒரு பகுதியைத்தான் இடித்தார்கள். இங்கே திருச்சியிலேயே, மேலப்புதூர் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே, செத்தவர்களைக்கூடச் சாதியாகப் பிரிக்க ஒரு சுவர். பின்னால் 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 தலித் மக்களைக் கொன்றபோது எங்களில் ஒருவர் போனில் சொன்னார்: "அந்தச் சுவரு யாரையும் உள்ள விடாம இருக்கத்தான் கட்டினது. ஆனா வெளியில இருந்தவங்கமேலதானே விழுந்துச்சு." சுவர் இயற்கை இல்லை, யாரோ எழுதிய ஒரு வரி என்பதை எங்களுக்கு முதலில் படங்களோடு காட்டியது, நம்பினால் நம்புங்கள், அந்த அமெரிக்க மென்பொருள்தான். அம்பேத்கரை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தோம்.

2001 கோடை விடுமுறையில் பச்சைமலையை அளக்கப் போனோம்.

துறையூரிலிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக மலைப்பாதை ஏறி டாப் செங்காட்டுப்பட்டி. அங்கிருந்து நடை. நண்பருடைய குக்கிராமத்துக்கு அப்போது ரோடும் இல்லை, கரண்டும் இல்லை. மரவள்ளிக் காட்டுக்கு நடுவே இருபத்துச் சொச்சம் வீடுகள், ஒரு கிணறு, ஒரு கோயில் மேடை, ஓடையைத் தாண்டி இடுகாடு. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு ஒவ்வொரு வீடாக அளந்தோம். "என்னா சாமி, பட்டா குடுக்கப் போறீங்களா?" என்று ஒரு பாட்டி கேட்டார். கம்ப்யூட்டரில் வீடு கட்டப் போகிறோம் என்றோம். "அதுல யாரு குடியிருப்பாங்க?" என்றார். இன்று வரை எங்களிடம் நல்ல பதில் இல்லாத கேள்வி.

ஊருக்குத் திரும்பி, பழைய கணினி ஒன்றில் உட்கார்ந்து வரி வரியாகத் தட்டினோம். வீடு ஒரு பெட்டி, கூரை ஒரு கூம்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே குறிப்பு வரி எழுத அந்த மொழியில் வசதி உண்டு. '#' போட்டு எதை எழுதினாலும் கணினி கண்டுகொள்ளாது, மனிதர்கள் படிப்பதற்கு மட்டும். அதில் அது யார் வீடு, எப்போது கூரை மாற்றினார்கள், கிணறு எந்த வருடம் வெட்டியது, யார் யாரை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று கேட்டதையெல்லாம் எழுதிவைத்தோம். எழுதியது தமிழ், எழுத்து ஆங்கிலம். முதல் வரியில் யூடிஎஃப்-8 என்று பெருமையாக இருந்தாலும் தமிழில் தட்டினால் எங்கள் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகள் ஒரு பக்கம், டிஸ்கி ஒரு பக்கம், யூனிகோட் இன்னொரு பக்கம் என்று தமிழே நான்கு தெருவாகக் கிடந்த காலம் அது.

இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தோம். முதலாவது நடை. அந்த மென்பொருளில் எதுவும் மாற்றாவிட்டால் நடக்கும் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். நண்பரின் ஊரிலிருந்து ஜீப் வருகிற ரோட்டுக்கு 2 கிலோமீட்டர். நிறைமாதக்காரியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற பாதை அது. ஒரே சொடுக்கில் ரோட்டிலிருந்து ஊருக்குத் தாவிப்போக வசதி செய்து கொடுப்பது மிகவும் சுலபம். எல்லா முப்பரிமாண உலகங்களும் அப்படித்தான் செய்கின்றன. நாங்கள் அதை வைக்கவில்லை. ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் 2,000 விநாடி, அதாவது 33 நிமிடம், அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது வெளிச்சம். அந்த மொழியில், பார்க்க வருகிறவர் தலையில் தானாகவே ஒரு விளக்கு எரியும். எழுதுபவர் அணைக்காவிட்டால் அது எரிந்துகொண்டே இருக்கும். வருகிறவர் எங்கே திரும்புகிறாரோ அங்கே வெளிச்சம். அதிகாரி வந்தால்தான் ஊருக்கு வெளிச்சம் என்பதைப் போல. அதை அணைத்து, ராத்திரி ஊர் என்று இன்னொரு கோப்பும் செய்தோம். கோயில் மேடையில் ஒரு சிமினி வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு.

கோப்பு மொத்தம் 40 கேபி. 56கே மோடத்தில் பத்து விநாடியில் இறங்கிவிடும். ஒரு குடியிருப்பின் வீடுகள், கிணறு, சாவு எல்லாம் பத்து விநாடியில்.

அடுத்த வருடம் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் அதை வைத்தோம். பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர் ரோட்டிலேயே நின்றுவிட்டார். மூன்று நிமிடம் நடந்தார், பிறகு எழுந்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா பக்கத்துலயே ஸ்ரீரங்கம் இருக்கு, ஏழு பிராகாரம் இருக்கு, அதை விட்டுட்டு ஏம்ப்பா இதப்போய்..." என்றார். கெட்ட மனிதர் இல்லை. பரிசு, கோபுரம் செய்த குழுவுக்குப் போனது. அவர்கள் செய்ததும் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

திருவரங்கம் கோயில் 156 ஏக்கர், ஏழு சுற்று, 21 கோபுரம். 1987-ல் முடிந்த ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. ஏழு சுற்றில் எந்தச் சுற்றுத் தெருவில் யார் குடியிருக்கலாம், யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதெல்லாம் நூற்றாண்டுகளாக எழுதிவைத்த கோப்புத்தான். 1947 ஆலயப் பிரவேசச் சட்டம் அதில் சில வரிகளை அடித்தது. இன்று அதே கோயிலை இணையத்தில் 360 பாகையில் சுற்றிப் பார்க்கலாம். ஹம்பியை டிஜிட்டலாக்க மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையே ஒரு திட்டம் போட்டது. வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கல்லைத் தூக்கியவர்கள் நம் முன்னோர்கள். ஆனால் எந்த உலகத்தைத் திறந்தாலும் முதலில் எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். விஆர்எம்எல்-லில் அதற்கு 'வியூபாயிண்ட்' என்று ஒரு வரி உண்டு. பார்க்க வருகிறவரின் முதல் பார்வை எங்கிருந்து என்பதை எழுதியவர் முடிவு செய்வார். கோயில்களுக்கு அது எப்போதும் கோபுர வாசல். உறையூர்த் திருப்பாணாழ்வாருக்கு அப்படி இல்லை. குருபரம்பரைக் கதைப்படி அவர் காவிரியின் தென்கரையிலேயே நின்றார். அக்கரைக்குக் கால் வைக்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் வழிவிடச் சொல்லிக் கல்லால் அடித்தார், ரத்தம் வந்தது. பிறகு பெருமாள் ஆணையிட்டு அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிப் போனார் என்று கதை முடிகிறது. தோளில் தூக்கியதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். தென்கரையில் நின்று பார்த்தால் கோயில் எப்படித் தெரியும் என்று ஒரு முப்பரிமாணப் படமாவது உண்டா? எங்கள் கொல்லையிலிருந்து எப்படித் தெரியும் என்றாவது?

அவதாரம் என்ற சொல்லையும் பேசிவிடுவோம். இந்த உலகங்களுக்குள் நம் பொம்மை உடம்புக்கு 'அவதார்' என்று பெயர். 1986-ல் லூகாஸ்ஃபிலிம் செய்த 'ஹேபிடட்' விளையாட்டில் வந்து, 1992-ல் நீல் ஸ்டீபன்சனின் 'ஸ்னோ க்ராஷ்' நாவல் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. மேலிருந்து கீழே இறங்கி வருபவன் என்று பொருள். இறங்கி வருவதற்கு முதலில் மேலே இருந்திருக்க வேண்டும். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் எடுக்கச் சொன்ன 22 உறுதிமொழிகளில் ஐந்தாவது எதைப் பற்றியது என்று நம் மாணவர்களுக்குத் தெரியும்: புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது. சொல்லை மாற்றச் சொல்லி நாங்கள் போராடப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

அந்தப் பொம்மை உடம்புகள் கூடிப் பேசுகிற உலகங்களுக்கும் போய்ப் பார்த்தோம். 'ஆக்டிவ் வேர்ல்ட்ஸ்' என்று ஒன்று, 1995-ல் தொடங்கியது. காலி நிலத்தில் யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 1997-ல் கட்டணம் வந்தது. கட்டியவர் 'சிட்டிசன்', கட்டாதவர் 'டூரிஸ்ட்'. டூரிஸ்டுக்கு எல்லா உடம்பும் கிடைக்காது, அவர் கட்டும் வீட்டுக்குப் பாதுகாப்பும் கிடையாது. டாலர் கட்ட எங்களிடம் கிரெடிட் கார்டு ஏது? டூரிஸ்டாகத்தான் சுற்றினோம். ஒருநாள் இந்தியப் பெயரோடு ஒருவர் வந்தார். இந்தியாவா, எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டுவிட்டு, முழுப் பெயர் என்ன என்றார். சொன்னோம். அதற்குப் பின்னால் என்ன வரும் என்று கேட்டார். எதுவும் வராது என்றோம். கொஞ்ச நேரத்தில் அந்த உடம்பு திரும்பி நடந்து போய்விட்டது. இன்று மாணவர்கள் கேட்கிற கேள்விக்கு எங்களிடம் உள்ள நேரடிப் பதில் இந்தச் சம்பவம்தான். உடம்பைக் கழற்றலாம். பேச்சைக் கழற்ற முடியாது.

இதில் ஒரு சிக்கலான விஷயமும் உண்டு. 2022 பிப்ரவரியில் மெட்டா தன் முப்பரிமாண உலகத்தில் ஒருவரை ஒருவர் நெருங்க முடியாதபடி சுமார் 4 அடி இடைவெளியை வைத்தது. பெண்கள் அங்கே தொந்தரவுக்கு ஆளானதாகப் புகார் சொன்ன பிறகு வந்த ஏற்பாடு அது. தூரம் என்றாலே தீண்டாமை நினைவுக்கு வருகிற நமக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் அடிபட்டவர் கேட்டு வாங்குகிற தூரம் வேறு, அடிப்பவர் விதிக்கிற தூரம் வேறு. நம் பெண் தோழர்கள்தான் இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

இனி, அந்த 40 கேபி கோப்புக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1998-லேயே காஸ்மோ பிளேயரை பிளாட்டினம் டெக்னாலஜிக்கு விற்றுவிட்டது. மறு வருடமே பிளாட்டினத்தை கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியது. அதோடு சரி. நாங்கள் ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டபோதே அது அநாதையாகிவிட்டிருந்தது. விஷயம் எங்களுக்கு வந்து சேரும்போது அங்கே கடையைக் கட்டிவிட்டிருப்பார்கள், இது வழக்கம்தானே. பிறகு உலாவிகளும் அந்த வகைச் செருகு மென்பொருளையே நிறுத்தின. 2015-ல் குரோம், 2017-ல் ஃபயர்பாக்ஸ். ஆக்டிவ் வேர்ல்ட்ஸ் போன்ற இடங்களில் மக்கள் கட்டியதெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் கணினியில் இருந்தது. நிறுவனம் மூடினால் ஊர் காலி.

எங்கள் ஊர் காலியாகவில்லை, காரணம் அது எழுத்து. ஃப்ளாப்பி பூசணம் பிடித்துவிட்டது. ஆனால் 2002-லேயே கண்காட்சிக்காக முழுக் கோப்பையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் இருபது பக்கம் அச்செடுத்துவைத்திருந்தோம். 2017-ல் நண்பரின் ஊரில் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோர கிராமசபையின் வன உரிமைக் குழு உட்கார்ந்தபோது அந்த இருபது பக்கமும் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

சட்டம் 2006-ல் வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்தோம் என்று பழங்குடியினர் காட்ட வேண்டும். எவற்றையெல்லாம் சான்றாக வைக்கலாம் என்று 2008 விதிகளின் 13-வது விதி சொல்கிறது: வீடு, வரப்பு, கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், பெரியவர்களின் எழுத்துபூர்வமான வாக்குமூலம். படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. 2001-ல் நாங்கள் '#' போட்டு எழுதிய குறிப்புகளின் பட்டியல் அப்படியே இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். "அந்த வூடா? அது எங்க சின்னாயி வூடு, அவ செத்து பத்து வருசமாச்சு" என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் நிறுத்தவில்லை. கயிற்றைப் பிடித்து விளையாடிய பிள்ளைகள் இப்போது வன உரிமைக் குழுவில் உறுப்பினர்கள். வாக்குமூலங்கள் அப்படித்தான் எழுதப்பட்டன.

மனுவோடு அந்த இருபது பக்கத்தின் நகலையும், இப்போதைய இலவச மென்பொருளில் மறுபடி திறந்து எடுத்த படங்களையும் வைத்தோம். (ஆமாம், திறக்கிறது. அந்தக் கோப்பைப் படிக்கிற மென்பொருள்கள் இன்றும் இருக்கின்றன. ஃப்ரீடபிள்யூஆர்எல் (FreeWRL) என்று தேடுங்கள், பிளெண்டரையும் பாருங்கள்.) அலுவலகத்தில் ஒருவர் பக்கங்களைப் புரட்டினார். "இதுல சீல் எங்க?" என்று கேட்டார். எங்கள் படம் தனியாக எதையும் நிரூபிக்காது என்று எங்களுக்கும் தெரியும். 2012-ல் திருத்திய விதிகளே செயற்கைக்கோள் படமும் மற்ற தொழில்நுட்பமும் பிற சான்றுகளுக்குத் துணையாகத்தான் இருக்கலாம், அவற்றுக்கு மாற்றாக முடியாது என்கின்றன. இந்த விதி நமக்கு நல்லது. செயற்கைக்கோளில் உன் வீடு தெரியவில்லை, ஆகவே நீ அங்கே இல்லை என்று மேசைக்குப் பின்னால் இருந்து சொல்ல முடியாது. அந்த விதியின் நகலை அவரிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். மனு உட்கோட்டக் குழுவைத் தாண்டி மாவட்டக் குழுவில் இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

இப்போது இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கூகுளின் தெருக்காட்சி 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களோடு இந்தியாவுக்குள் வந்தது. அதே வருடம் பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு ஜோடி திருமண வரவேற்பை மெட்டாவெர்ஸில் வைத்தது. ஹாரி பாட்டர் கோட்டை பின்னணி, இறந்துபோன பெண்ணின் அப்பாவும் பொம்மை உடம்பில் வந்து நின்றார். செய்தித்தாள்கள் கோட்டையைத்தான் எழுதின. எங்களுக்கு அந்த அப்பாதான் மனதில் நின்றார். செத்தவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது எல்லாருக்கும் இருக்கிற ஏக்கம். மலையில் அதை இடுகாடு என்கிறார்கள். இந்த ஆர்வம் எல்லாம் சேர்ந்து, பச்சைமலைக்கும் ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. ட்ரோன் பறக்கவிட்டு மலை முழுவதையும் முப்பரிமாணத்தில் எடுத்துச் சுற்றுலாப் பயணிகள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி செய்யப் போகிறார்களாம். அருவி, காட்சி முனை, "பழங்குடி வாழ்க்கை". மாதிரிப் படத்தை எங்களுக்கும் காட்டினார்கள். அழகாக இருந்தது. குடியிருப்பு தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது. தூரத்துப் பொருளைக் குறைந்த விவரத்தோடு காட்டினால் போதும் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் பழைய உத்தி, விஆர்எம்எல் காலத்திலேயே உண்டு. எது தூரம் என்பது மட்டும் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கிராமசபையில் இதை எதிர்த்து ஒரே வரியில் தீர்மானம் போடலாம் என்றுதான் இளைஞர்கள் சொன்னார்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. படம் எடுக்கட்டும், ஆனால் எடுத்த கோப்பின் ஒரு நகல், எந்த மென்பொருளிலும் திறக்கிற வடிவத்தில், ஊர்ப் பெட்டியில் இருக்க வேண்டும் என்றார்கள். இடுகாட்டை எடுக்கக் கூடாது என்றார் ஒருவர். எடுக்க வேண்டும், ஆனால் ஊர் பார்க்க மட்டும் என்றார் இன்னொருவர். அதில் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் இடுகாட்டை நாமே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. வீட்டுப் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும், அதை ஊர் எழுதிக் கொடுக்கும். அப்புறம், முதல் பார்வை அருவியில் தொடங்கக் கூடாது. அந்தப் பழைய நடைபாதையின் அடியில், ஜீப் நிற்கிற இடத்தில் தொடங்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னவர், அன்று எங்களிடம் பட்டா கேட்ட அந்தப் பாட்டியின் பேத்தி. துறையூரில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

நிறுவனத்துக்குக் கடிதம் போய் நான்கு மாதம் ஆகிறது. நகல் கொடுப்பது "கம்பெனி பாலிசி"யில் இல்லை என்று போனில் சொன்னார்களாம். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். இடையில், பேத்தியும் அவள் வகுப்புத் தோழிகள் இருவரும் சனிக்கிழமைகளில் மேலே போய் இடுகாட்டை அளக்கிறார்கள். கயிறு இல்லை, டேப். ஓடையைத் தாண்டி இதுவரை 61 குழிமேடு எண்ணியிருக்கிறார்கள், இன்னும் கிழக்குப் பக்கம் பாக்கி இருக்கிறது. உதவிக்கு ஆள் வேண்டும். டாப் செங்காட்டுப்பட்டி பஸ்ஸில் ஏறுங்கள், கடைசி நிறுத்தத்தில் அவர்களே வந்து கூட்டிப்போவார்கள். அங்கிருந்து நடைதான்.